தோத்த பிறகு வர்ற அந்த 10 நிமிஷம்

வணக்கம் மக்களே. காற்பந்து ஆட்டத்துல கடைசி விசில் ஊதினதும் கோப்பிக் கடையில டிவி முன்னாடி இருக்கிற கூட்டம் கலைஞ்சிடும். இங்கிலாந்து ஆட்டம்னா இங்க சிங்கப்பூர்ல ராத்திரி ஆயிடும், மறுநாள் வேலை, யாரு உட்கார்ந்திருப்பா? ஆனா திடல்ல தலைவலி அப்பதான் ஆரம்பிக்குது. தோத்த குழுவோட ஆட்டக்காரருக்கும் கடுப்புல இருக்கிற ரசிகருக்கும் நடுவுல நடக்கிற மோதலை எடுத்துப் பாருங்க, நிறைய முறை விசில் ஊதின முதல் 10 நிமிஷத்துக்குள்ள நடந்திருக்கும்.

இதப் பத்திப் பேசுறவங்க எல்லாம் "அவனுக்குத் திமிரு, இவனுக்குக் கோபம் ஜாஸ்தி"ன்னு சொல்லி முடிச்சிடுறாங்க. எனக்கு அது பத்தாது. யார் எங்க உட்கார்ந்திருந்தாங்க, ஆட்டக்காரர் எந்த வழியா உள்ள போனார், ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தனை மீட்டர். இந்த மூணையும் கேளுங்க, பாதி விடை கிடைச்சிடும்.

முதல்ல டோட்டன்ஹம் ஆட்டக்காரர் எரிக் டயர். 2020 மார்ச் 4, இங்கிலாந்தோட எஃப்ஏ கிண்ண ஆட்டம். டோட்டன்ஹம் சொந்தத் திடல்லயே நோரிச்கிட்ட பெனால்டியில தோத்துச்சு. டயர் விளம்பரப் பலகையைத் தாண்டி, இருக்கை மேல இருக்கையா ஏறி, கூட்டத்துக்குள்ள போயிட்டார். ஒரு ரசிகர் தன்னைத் திட்டினதுக்காக மட்டும் அவர் ஏறல. அந்தப் பக்கத்துல அவரோட குடும்பம் இருந்துச்சு, திட்டுனது அவர் தம்பிக்குப் பிடிக்கலன்னு பயிற்றுவிப்பாளர் மொரின்யோ அப்பவே சொன்னார். விளைவு 4 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம்.

இப்ப 2024 ஜூலை, அமெரிக்காவுல சார்லட் நகரம். தென்னமெரிக்க நாடுகளோட கோப்பா அமெரிக்கா போட்டி அரையிறுதியில உருகுவே கொலம்பியாகிட்ட 1-0ன்னு தோத்துச்சு. அரங்கத்துல 70,000 பேருக்கு மேல, பெரும்பாலும் கொலம்பியா மஞ்சள் சட்டை. உருகுவே ஆட்டக்காரங்களோட குடும்பங்கள், கைக்குழந்தைங்க உட்பட, அவங்க பெஞ்சுக்குப் பின்னாடி அந்தக் கூட்டத்துக்கு நடுவுலயே உட்கார வைக்கப்பட்டிருந்தாங்க. டார்வின் நூன்யஸும் மத்தவங்களும் மேல ஏறினதுக்குக் காரணம் குடும்பம்தான்னு சக ஆட்டக்காரர் ஹோசே ஹிமெனெஸ் பேட்டியிலயே சொன்னார். தண்டனை ஆட்டக்காரங்களுக்கு: நூன்யஸுக்கு 5 ஆட்டம், பென்டன்கூருக்கு 4 ஆட்டம். அடிச்சது தப்புதான், அதுல பேச்சே இல்ல. ஆனா அந்த இருக்கைத் திட்டத்தைப் போட்டவருக்குத் தண்டனை வந்ததாத் தெரியலயேன்னு எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

அதனால குழு நிர்வாகத்துல இருக்கிறவங்க முதல்ல சரி பண்ண வேண்டியது குடும்ப இருக்கை. பெஞ்சுக்கு நேர் பின்னாடி வேண்டவே வேண்டாம். மேல் தளத்துல, தனி வாசல் உள்ள பகுதியில கொடுங்க, ரெண்டு பக்கமும் ஒரு வரிசை காலியா விடுங்க. ஆட்டம் கைவிட்டுப் போகுதுன்னு தெரிஞ்சா, விசிலுக்கு 5 நிமிஷம் முன்னாடியே ஒரு ஆள் போய் அவங்களை உள்ள அழைச்சிட்டுப் போகணும். திடல்ல இருக்கிற ஆட்டக்காரர் தலை நிமிர்ந்து பாக்கும்போது மனைவி, பிள்ளைங்க அங்க இல்லன்னா, அவர் மேல ஏறுறதுக்குக் காரணமே இருக்காது.

அடுத்தது தூரம். நம்ம பீஷான் அரங்கத்தைப் பாருங்க, திடலைச் சுத்தி ஓட்டப் பாதை இருக்கு. 2025 மே 18, ஆசியக் குழுக்களுக்கான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டம் அங்கதான் நடந்துச்சு. நம்ம லயன் சிட்டி செய்லர்ஸ் 90 நிமிஷம் முடிஞ்ச பிறகு ஒரு கோல் போட்டுச் சமன் பண்ணி, 97வது நிமிஷத்துல அமீரகக் குழு ஷார்ஜாகிட்ட 2-1ன்னு இழந்துச்சு. அதை விட வயித்தெரிச்சலான தோல்வி இருக்குமா? அந்த மாதிரி ராத்திரியில அந்த ஓட்டப் பாதைதான் இலவசக் காவல்காரன். கத்துறது கேக்கும், கை எட்டாது. காலாங்ல தேசிய விளையாட்டரங்கத்துல கீழ் இருக்கைங்களை முன்னாடி நகர்த்திக் காற்பந்துக்கு ஏத்த மாதிரி ஆக்குவாங்க. பாக்கிறதுக்கு அருமை, ஆனா அப்ப இந்த இடைவெளி போயிடும். அதை ஆள் போட்டுத்தான் ஈடுகட்டணும்.

எந்த அரங்கமா இருந்தாலும் மோசமான இடம் டனல் வாய்தான், அதாவது ஆட்டக்காரங்க திடல்லருந்து உள்ள போற வழி. எல்லா ஆட்டக்காரரும் அந்த ஒரே ஓட்டை வழியா ரசிகர் கைக்கு எட்டுற தூரத்துல போகணும். 2022 ஏப்ரல்ல குடிசன் பார்க்ல எவர்ட்டன்கிட்ட 1-0ன்னு தோத்துட்டு உள்ள போகும்போது மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு ஆடின ரொனால்டோ ஒரு பையன் கையில இருந்த போனைத் தட்டி விட்டது இந்த மாதிரி இடத்துலதான். காவல்துறை எச்சரிக்கை, அப்புறம் 2 ஆட்டத் தடை, 50,000 பவுண்டு. இதுக்கு வழி ரொம்ப எளிசு: இழுத்து நீட்டுற கூரைக் குழாய். அது இல்லன்னா டனலோட ரெண்டு பக்கமும் முதல் ரெண்டு வரிசை டிக்கெட்டை விக்காதீங்க. வருமானம் போகுதேன்னு யோசிக்கிறவங்க அபராதத் தொகையையும் ஒரு தடவை பாத்துக்கணும்.

அரங்கத்துல கூட்டத்தைக் கவனிக்கிற ஸ்டூவர்டுங்க பண்ற ஒரு பெரிய தப்பு இருக்கு. கடைசி நிமிஷம் பரபரப்பா இருக்குன்னு திரும்பி ஆட்டத்தைப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. அவங்க முதுகு திடலுக்கு, முகம் கூட்டத்துக்கு. கடைசி வரைக்கும் அப்படித்தான் நிக்கணும். தண்ணி போத்தல் கொடுத்தா மூடியைக் கழட்டிக் கொடுக்கணும். மூடி இல்லாத போத்தலை வீசினா தண்ணி வழியிலயே கொட்டிடும், விழும்போது கனம் இருக்காது. மூடியோட அரை லிட்டர்னா அது அரைக் கிலோ கல்லு.

கூட்டம் திடலுக்குள்ள இறங்கிட்டா கணக்கே மாறிடும். 2022 மே மாசம், ரெண்டே நாள் இடைவெளியில ரெண்டு சம்பவம். 17ஆம் தேதி நாட்டிங்ஹம்ல ஷெஃபீல்டு யுனைட்டெட் பெனால்டியில தோத்துச்சு. ஓரமா சும்மா நின்னுட்டிருந்த அந்தக் குழு ஆட்டக்காரர் பில்லி ஷார்ப்பை ஒரு ஆள் ஓடி வந்து தலையால முட்டினான். அவனுக்கு 24 வாரம் சிறை, 10 வருஷம் காற்பந்துத் தடை. 19ஆம் தேதி குடிசன்ல 3-2ன்னு தோத்த கிரிஸ்டல் பேலஸ் பயிற்றுவிப்பாளர் பேட்ரிக் வியெரா கூட்டத்துக்கு நடுவுல நடந்து போனார். முகத்துக்கு நேரா போனை நீட்டிச் சீண்டின ஒருத்தரை உதைச்சுட்டார். ரெண்டுலயும் வெளியூர்க் குழு ஆள்தான் கூட்டக் கடலுக்குள்ள மாட்டினது. ஜெயிச்ச சந்தோஷத்துல இறங்கின கூட்டம்தான் அது, கவனிங்க. எதிர்க்குழு எப்படியும் முதல்ல வெளியேறணும்: விசிலுக்கு 2 நிமிஷம் முன்னாடியே மாற்று ஆட்டக்காரங்க டனல் பக்கம் நகரணும், விசில் ஊதினதும் கை குலுக்கல் எல்லாம் உள்ள போய் வச்சுக்கலாம்.

சரி, சொந்த ரசிகர்கிட்ட போய்க் கைதட்டி நன்றி சொல்லணுமா? சொல்லணும். போகாம ஓடிட்டா அடுத்த வாரம் இன்னும் மோசமாகும். ஆனா முறை இருக்கு. மொத்தக் குழுவும் சேர்ந்து போகணும், தனியா ஒருத்தர் போகக் கூடாது. விளம்பரப் பலகைக்கு ஒரு 10, 15 மீட்டர் முன்னாடியே நின்னுடணும். கையைத் தலைக்கு மேல தூக்கித் தட்டணும், விரல் நீட்டக் கூடாது, காதுல கை வச்சுக் காட்டுற வேலை வேண்டவே வேண்டாம். அரை நிமிஷம் போதும். பேசணும்னா கேப்டன் மட்டும், கூட ஒரு பாதுகாப்பு அதிகாரி. தப்புப் பண்ணிக் கோல் விட்ட ஆட்டக்காரரை நடு வரிசையில வைங்க, ஓரத்துல விடாதீங்க.

அரங்கத்தை விட்டு வெளிய வந்தாச்சு, முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2021 ஏப்ரல் 20, ஜெர்மன் குழு ஷால்க பீலஃபெல்டு நகரத்துல தோத்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிடுச்சு. நடுராத்திரி பஸ்ஸு சொந்த அரங்கத்துக்குத் திரும்பினப்ப 500, 600 பேர் காத்திருந்தாங்க. முட்டை வீச்சு, ஆட்டக்காரங்களைத் துரத்தித் துரத்தி அடி. அன்னிக்குப் பஸ்ஸை வேற இடத்துக்கு விட்டு, ஆளுங்களை ரெண்டு மூணு பேரா காருல அனுப்பியிருந்தா போதும்.

கடைசியா, நம்ம ஊர்ல கூட்டத்துல நிக்கிறவங்களுக்கு. ஆட்டத்தைத் திட்டலாம், ஆளைத் தொட்டா வேற கதை. வேணும்னே காயப்படுத்தினா 3 வருஷம் வரைக்கும் சிறை, 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அடிக்காம வாயாலயோ இணையத்துலயோ வேணும்னே தொல்லை கொடுத்தா 2014ல வந்த துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கு, அதுல 6 மாசம் வரைக்கும். 2020லிருந்து, ஒருத்தரைத் தொல்லை பண்றதுக்காக அவர் பேரு, வீட்டு விலாசம், படம்னு அடையாளத்தைப் போட்டு விடுறதும் அதே சட்டத்துல குற்றம். அதனால உங்க போன்ல சண்டைக் காட்சி மாட்டியிருந்தா, எடிட் பண்ணாம முழுசா வச்சிருங்க, காவல்துறை கேட்டா அதை அப்படியே கொடுங்க. "இவன்தான், கண்டுபிடிங்க மக்களே"ன்னு முகத்தைப் பெருசாக்கி டிக்டாக்ல ஏத்துற வேலை வேண்டாம், லா.