தண்ணீருக்கு அப்புறம்தான் களிம்பு

நேயர்களுக்கு வணக்கம். 26 வருடம் தீக்காய வார்டில் நர்ஸாக வேலை பார்த்தேன். இன்றைக்கு ஒரே ஒரு மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சூடு பட்டால் மருந்துக்கடையில் கொடுக்கிறார்களே, தயிர் மாதிரி வெள்ளையாக ஒரு களிம்பு, அதுதான். பெயர் சில்வர் சல்ஃபாடயசின். டியூபில் 1 சதவீதம் என்று போட்டிருக்கும். நம் ஊரில் பாதி வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இது இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குழந்தை ரசப் பாத்திரத்தை இழுத்துவிட்டிருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையடித்தது போலக் களிம்பு. டாக்டர் வந்து பார்த்தால் காயம் எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை, ஏனென்றால் அடியில் இருக்கிற தோல் சிவப்பா, வெளுப்பா, ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். ஆக, போட்ட களிம்பு எல்லாவற்றையும் நான் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. "வேணாம் ஆன்ட்டி, ஊதி விடு, ஊதி விடு" என்று அந்தக் குழந்தை கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. களிம்புக்கு அடியில் ஒரு கொத்தமல்லி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது கையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. "நல்லதுன்னு நினைச்சுதான் போட்டேன் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால் முதலில் தண்ணீர். 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, ஓடுகிற குழாய்த் தண்ணீரில். சூடு பட்ட உடனே செய்தால் ரொம்ப நல்லது, கொஞ்சம் தாமதமானாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. தோலுக்குள் இறங்கிய சூடு அடுப்பை அணைத்ததும் நின்றுவிடாது, உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அதைத் தண்ணீர்தான் இழுக்கும். சென்னையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரே கொதிக்கும். அப்போது குடத்திலோ டிரம்மிலோ பிடித்து வைத்த தண்ணீரை எடுத்து மக்கால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும். சின்னக் குழந்தையென்றால் மற்ற உடம்பைத் துணியால் போர்த்திவிடுங்கள், குளிரில் நடுங்கிவிடும். வளையல், மோதிரம், மெட்டி எல்லாம் வீக்கம் வருவதற்கு முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள்தூள், காபித்தூள், இட்லி மாவு இவை எதுவும் வேண்டாம். இவை அத்தனையையும் நான் கையால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றி முடிந்ததா? சுத்தமான வெள்ளைத் துணியைத் தளர்வாகச் சுற்றி டாக்டரிடம் காட்டுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இந்த இடங்களில் பட்டாலும், கரண்ட் ஷாக்கோ ஆசிட்டோ என்றாலும், அடிபட்டவரின் உள்ளங்கையை விரல்களோடு வைத்துப் பார்த்து அதைவிடப் பெரிதாக இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். பெரிய காயமென்றால் 108. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

சரி, டாக்டர் பார்த்துவிட்டு இந்தக் களிம்பை எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். இது மோசமான மருந்து இல்லை. 1968-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர் வெள்ளியையும் சல்ஃபா என்கிற கிருமிக்கொல்லி மருந்தையும் சேர்த்து இதைக் கொண்டுவந்தார். வெந்த தோல் கிருமிக்குத் திறந்து கிடக்கிற வீடு மாதிரி, அங்கே கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. அதனால் ஆழமான காயத்துக்கு எத்தனையோ பேருக்கு இது உதவியிருக்கிறது. பைக் சைலன்சர் பட்டுக் கெண்டைக்காலில் லேசாகச் சிவந்து, கொப்புளம்கூட வராத காயத்துக்கு இது தேவையே இல்லை.

போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு எப்போதாவது உடம்பெல்லாம் தடித்ததா, வாய் புண்ணானதா? ஆமாம் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியில்தானே பூசுகிறோம் என்று நினைக்கிறார்கள், ஆனால் தோல் போன இடத்தில் மருந்து நேரே ரத்தத்துக்குள் போகிறது. நிறைமாத கர்ப்பிணிக்கும், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் இது ஆகாது, குழந்தைக்கு மஞ்சள்காமாலை மூளையைப் பாதிக்கிற அளவுக்குப் போய்விடலாம். ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்த சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிறவர்களுக்கு ரத்த சிவப்பணுக்கள் உடையலாம். பெரிய பரப்பில் பூசும்போது சிலருக்கு வெள்ளை அணுக்கள் குறையும், அதைப் பார்க்கத்தான் வார்டில் ரத்தம் எடுக்கிறோம். "தினம் எதுக்கு சிஸ்டர் ஊசி குத்துறீங்க" என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

பூசுகிற விதத்தில்தான் வீட்டில் நிறையத் தப்பு நடக்கிறது. பழைய களிம்பின் மேலேயே புதுக் களிம்பை அப்புவார்கள், வலிக்குமே என்ற பயம். பழையதை முழுக்கக் கழுவி எடுக்காமல் புதிதைப் போட்டால், காயத்தைத் தொடவேண்டிய மருந்து பழைய பிசுக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வலி மாத்திரை கொடுத்திருந்தால் அதை அரை மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குப் பரப்பினால் போதும். ஒரு நாளைக்கு ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதை டாக்டர் சொல்வார். கண்ணுக்குள் போகக் கூடாது. டியூபிலிருந்து வருகிற களிம்பு கருத்துப்போயிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் காயத்தின் மேல் மஞ்சளாக ஒரு ஏடு படியும். "சீழ் வச்சிருச்சு" என்று அலறிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது களிம்பும் காயத்து நீரும் சேர்ந்த படலம்தான். ஆனால் காய்ச்சல், நாற்றம், சுற்றிலும் பரவுகிற சிவப்பு, நாளுக்கு நாள் கூடுகிற வலி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுத் தோல் முளைக்க ஆரம்பித்த பிறகும் இதையே போட்டுக்கொண்டிருந்தால் ஆறுவது தாமதப்படலாம் என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் பல டாக்டர்கள் மேலோட்டமான காயத்துக்குப் பாரஃபின் தடவிய வலைத்துணியோ, கொலாஜன் என்கிற புரதத்தால் செய்த மெல்லிய உறையோ வைக்கிறார்கள். அந்தக் கொலாஜன் உறையில் நம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. மூன்று வாரமாகியும் காயம் மூடவில்லையென்றால் களிம்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடம்பில் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியிருக்குமா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

காயம் மூடிவிட்டால் வெள்ளைக் களிம்பை நிறுத்திவிடலாம். அப்புறம் வருவது அரிப்பு, அதற்குத் தேங்காய் எண்ணெய் மெதுவாகத் தடவினால் போதும், வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டை. மிச்சமிருக்கிற அந்த டியூபைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் வீட்டில் சல்ஃபா ஒத்துக்காதவர் யார் என்று நமக்குத் தெரியாது.

நன்றி, வணக்கம்.