“ஒரு நிமிஷம், மேடம்”

(வேலூர் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களின் கொடி நாள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1949-ஆம் ஆண்டிலிருந்து டிசம்பர் 7-ஆம் தேதி கொடி நாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறத்தில் ஒரு சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுகிறோம். இன்று எல்லா மேடையிலும் எல்லையைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் எனக்கு எல்லை தெரியாது. எனக்குத் தெரிந்த மிலிட்டரிக்காரர்கள் எல்லாம் பேங்க் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அரசு வங்கி ஒன்றில் அதிகாரியாகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

எதற்காக நன்றி என்பதைக் கொஞ்சம் சரியாகச் சொல்ல ஆசை. ‘கட்டுப்பாடு’, ‘நேரம் தவறாமை’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். நேரத்துக்கு வருகிறவர்கள் சிவில் ஆட்களிலும் உண்டு. நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, சாயந்திரம் வரை ஒன்றும் செய்யாமல் போகிறவர்களும் உண்டு. (சிரிப்பு)

நீங்கள் எங்களிடம் வந்து சேரும் விதத்தைப் பாருங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்தீர்கள். 15 ஆண்டு முடிந்ததும் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிட்டது. நாற்பதை ஒட்டிய வயதில் வெளியே வரும்போது பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். அரசு வங்கிகளில் முன்னாள் படைவீரர்களுக்குக் கிளார்க் வேலையில் 14.5 சதவீதமும், கடைநிலை வேலைகளில் 24.5 சதவீதமும் ஒதுக்கீடு இருக்கிறது. அதிகாரி வேலைக்கு அது கிடையாது. ஆகவே பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்திய ஹவில்தார், எங்கள் கிளையில் புதுக் கிளார்க்காக வந்து உட்காருகிறார். அவருக்கு மேல் அதிகாரி, தேர்வு எழுதி நேராக வந்த இருபத்து மூன்று வயதுப் பெண். நான்தான் அது.

இதில் சண்டை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. ஏன் வரவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பட்டாளத்தில் இந்த ஏற்பாடு பழக்கப்பட்ட ஒன்று. அகாடமியிலிருந்து நேராக வரும் லெப்டினன்டுக்கு இருபத்திரண்டு வயது. அவருக்குக் கீழே இருக்கும் சுபேதாருக்கு இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். சல்யூட் அடிப்பவர் சுபேதார், தொழில் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. சின்னவர் பெரியவரை ‘சாப்’, அதாவது ஐயா, என்று கூப்பிடுகிறார், பெரியவரும் சின்னவரை ‘சாப்’ என்றே கூப்பிடுகிறார். யார் மரியாதையும் குறைவதில்லை. நம் சிவில் ஆபீஸ்களில் மேலே இருப்பவருக்குக் கற்றுக்கொடுக்கும் பழக்கமே கிடையாது. விழட்டும் என்று வேடிக்கை பார்ப்போம், இல்லாவிட்டால் டீக்கடையில் போய்ப் பேசுவோம்.

எங்கள் ஹவில்தார் குடியாத்தம் பக்கத்து ஆள். பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் இருந்தவர், பாலம் போட்டவர். நான் ஏதாவது ஒரு காகிதத்தில் அவசரமாகப் பேனாவை வைத்தால், “ஒரு நிமிஷம், மேடம்” என்பார். தப்பு என்று சொல்லவே மாட்டார். “இந்த மாதிரிக் கேஸுக்கு ரெண்டு கையெழுத்து வேணும்னு போன மாசம் சர்க்குலர் வந்த மாதிரி ஞாபகம். எனக்குச் சரியாத் தெரியலை, பார்த்துச் சொல்றீங்களா?” என்பார். தெரியாமலா கேட்டார்! சர்க்குலர் நம்பர் முதற்கொண்டு அவர் பாக்கெட் நோட்டில் இருக்கும்.

அவரிடம் நான் கற்றதில் எனக்கு அதிகம் பயன்பட்டது சார்ஜ் கொடுப்பது, அதாவது பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. வங்கியில் பெட்டக அறைச் சாவி இரண்டு பேர் கையில் இருக்கும், லீவில் போனால் சாவியையும் பார்க்கும் வேலையையும் ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் என்ன எழுதுவோம்? ரொக்கம் இவ்வளவு, நகை மூட்டை இவ்வளவு, டாக்குமென்ட் இவ்வளவு. அவர் சொன்னார்: “இருக்கிறதை அவங்களே எண்ணிக்குவாங்க மேடம். இல்லாததை முதல்ல சொல்லிடுங்க.” ஒரு போஸ்டை அடுத்த யூனிட்டிடம் விட்டுவிட்டு வரும்போது, எந்தப் பக்கம் வேலி பலவீனம், எங்கே தண்ணீர் கிடைக்காது என்பதைத்தான் முதலில் சொல்வார்களாம். அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு ஒப்படைப்புக் குறிப்பிலும் முதல் பக்கம் நிலுவைதான். எந்தக் கடன் வாராக்கடனாகப் போகிறது, எந்த வாடிக்கையாளர் கோபத்தில் இருக்கிறார், எந்த பீரோவின் பூட்டு மக்கர் செய்கிறது, எல்லாம். வீட்டில் கல்யாணம் நடக்கும்போது கிளையிலிருந்து எனக்குப் போன் வராமல் இருந்ததற்கு அந்த ஹவில்தார்தான் காரணம்.

அப்புறம் நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வரும் மாதம். 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்று வந்த பிறகு கூட்டம் குறைந்தது. அதற்கு முன்னால் நவம்பர் என்றால் கிளை நிறைய மஞ்சள் பைகள். இந்த மாவட்டத்தில் அந்த வரிசையில் பாதி, படைவீரர்களின் விதவைகள். ஒரு அம்மாவின் பெயர் பென்ஷன் ஆர்டரில் ஒரு மாதிரி இருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். கணவர் கல்யாணத்துக்குப் பிறகு யூனிட்டில் வாயால் சொன்ன பெயரை, தமிழ் தெரியாத எழுத்தர் ஒருவர் தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். கணவர் இருக்கும் வரை அது யார் கண்ணிலும் படாது. எங்கள் கவுன்ட்டர் பதில், “பெயர் ஒத்துப்போகலை, மாத்திக்கிட்டு வாங்க.” எங்கே போய் மாற்றுவது? அதை யாரும் சொல்ல மாட்டோம், ஏனென்றால் எங்களுக்கே தெரியாது.

ஹவில்தார் அந்த அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தார். “வீட்டுக்காரர் எந்த ரெஜிமென்ட்டும்மா?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. “ஊட்டிப் பக்கம் வெலிங்டன்னு லெட்டர் வரும்” என்றார். அது போதும், அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட். “டிஸ்சார்ஜ் புக் இருக்கா?” பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் கவர், அதற்குள் துணி, அதற்குள் இருந்து, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த அந்தப் பழைய புத்தகத்தை எடுத்தார். ஹவில்தார் அதில் படைவீரர் எண்ணைப் பார்த்து, ரெஜிமென்ட்டின் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பம் எழுதினார். அதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பச் சொல்லி, பஸ் நம்பர் வரைக்கும் சொல்லிவிட்டார். இவ்வளவும் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு செய்தார். அடுத்து அதே பிரச்சினையோடு இன்னொரு அம்மா வந்ததும் எழுந்து, பையனைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். “நீ எழுது. நான் பார்த்துக்கிட்டு நிற்கிறேன்.”

துப்பாக்கியைப் பிரித்துக் கோப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒருவர் செய்து காட்டுவார், உடனே உங்கள் கையில் கொடுத்துவிடுவார். வங்கியில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி, ஏசி அறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் ஓடியது. (சிரிப்பு) அந்தப் பையன் இன்று வேறு மாவட்டத்தில் கிளை மேலாளர். இந்த விண்ணப்பத்தை அவர் தூக்கத்தில்கூட எழுதுவார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எழுத்தர்கூட இல்லை, வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த காவலாளி. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறுநாள் வங்கி மூடல், 10-ஆம் தேதி திறந்தோம். தலைக்கு 4,000 ரூபாய் மாற்றித் தர வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் முன்னால் தெருமுனை வரைக்கும் கூட்டம். ஆனால் தள்ளுமுள்ளு இல்லை. மாற்ற வந்தவர்கள் ஒரு வரிசை, கணக்கில் போட வந்தவர்கள் ஒரு வரிசை. காவலாளி பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலி கடன் வாங்கி வயதானவர்களை உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “மேடம், கவுன்ட்டர் ஆட்களை ஒரே சீட்டில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார வைக்காதீங்க. பட்டாளத்துல காவல் நிற்கிற சென்ட்ரியே ரெண்டு மணி நேரம்தான் நிற்பான். அதுக்கு மேல கண்ணு திறந்திருக்கும், பார்க்காது” என்றார்.

நான் அப்படியே செய்தேன். அதிகாரிகளும் முறைவைத்துப் பணம் எண்ணினோம், நானும் எண்ணினேன். சனி, ஞாயிறும் வேலை. சாயந்திரக் கணக்கு பெரும்பாலும் ஒரே தடவையில் சரியாக வந்தது. அந்த மாதத்தில் பணம் கையை விட்டுப் போய்ச் சொந்தக் காசைப் போட்டு ஈடுகட்டிய கேஷியர்கள் எத்தனையோ பேர் என்பது வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லா மிலிட்டரிக்காரரும் இப்படியா என்றால், இல்லை. பரேடு மைதானத்தை விட்டே வராமல் வாடிக்கையாளரை அதட்டியவர்களும் இருந்தார்கள். அதை விடுங்கள், நாங்கள் மட்டும் எப்படி நடந்துகொண்டோம்? உங்களில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தால், எங்கள் ஆட்கள் முதலில் கேட்டது எந்த ஊர், எந்த யூனிட் என்றா? “சார், கேன்டீன் கார்டு இருக்கா?” (பலத்த சிரிப்பு) அத்தனை வருஷ அனுபவத்தை, ராணுவக் கேன்டீனில் மலிவாகச் சாமான் வாங்கும் அந்த அட்டைக்குள் அடக்கிவிட்டோம். நான் சொன்ன ஹவில்தார் கிளார்க்காகவே ஓய்வு பெற்றார். அவரிடம் கற்ற நாங்கள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விட்டோம். வழியனுப்பு விழாவில் ஒரு சால்வை, ஒரு கடிகாரம். இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

வங்கி மேலாளர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறார்கள். உங்கள் கிளைக்கு ஒரு முன்னாள் படைவீரர் வந்தால், புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் மாதம் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த உத்தரவும் வேண்டியதில்லை, உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கிற விஷயம்தான்.

சர்வீஸை முடித்து வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு தகவல். பத்தாவது மட்டும் படித்தவர்கள் கிளார்க் தேர்வுக்குத் தகுதி இல்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறீர்கள். 15 ஆண்டுக்குக் குறையாத சர்வீஸும், ராணுவச் சிறப்புக் கல்விச் சான்றும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கடற்படை, விமானப்படைக்கும் அதற்குச் சமமான சான்று உண்டு. வயது வரம்பிலும் உங்கள் சர்வீஸ் காலத்தோடு மூன்று ஆண்டு சேர்த்துத் தளர்வு தருகிறார்கள், ஆனால் ஐம்பதைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்து டீ கொடுக்கும் இடத்தில்தான் நிற்பேன். முதல் இரண்டு பேருக்கு நான் எழுதித் தருகிறேன், மூன்றாவது ஆளுக்கு அந்த இரண்டு பேரும் எழுத வேண்டும்.

வணக்கம்.