துறையில் கற்ற சட்டம்: ஜேம்ஸ் ஆச்சிசனின் ஆய்வு வாழ்க்கை

அவைக்கும், மானிடவியல் பயிலும் மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

மீன்வளக் கொள்கையை வகுக்கும் குழுக்களில் நெடுங்காலம் இரண்டு துறையினரே செல்வாக்குடன் இருந்தார்கள். கடலில் எவ்வளவு மீன் உண்டு என்று கணிக்கும் உயிரியலாளர் ஒருவர். அந்த மீனின் விலையையும் படகின் செலவையும் கணக்கிடும் பொருளியலாளர் மற்றவர். மீன் பிடிப்போர் தமக்குள் என்ன ஒழுங்கை வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க அங்கே ஆள் இல்லை. அந்த விசாரணையையே வாழ்நாள் பணியாக ஏற்றவர்களுள் ஒருவர் அமெரிக்க மானிடவியலாளர் ஜேம்ஸ் ஆச்சிசன்.

அவருடைய ஆய்வு கடலில் தொடங்கவில்லை. முதலில் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில், புரேபெச்சா மக்கள் வாழும் குவனாஹோ என்ற ஊரின் பொருளாதார வாழ்வை ஆராய்ந்தார். பிறகு அமெரிக்காவின் மேய்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோதுதான், அம்மாநிலக் கடற்கரையில் பொறிக்கூடு வைத்துச் சிங்கி இறால் பிடிப்போரிடம் சென்றார்.

பொதுவில் விடப்பட்ட வளம் அழிந்தே தீரும் என்று சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை அறிஞர்களை ஆட்கொண்டிருந்த காலம் அது. அன்று மேய்ன் கடலும் சட்டப்படி பொதுவானதாகவே இருந்தது. உரிமம் பெற்றவர் எங்கும் கூடு வைக்க முடிந்தது. ஆனால் ஆச்சிசன் படகுத்துறைதோறும் சென்று கேட்டறிந்த நடைமுறை வேறாக இருந்தது. ஒவ்வொரு துறைக்கும் தனக்கென ஒரு கடற்பரப்பு இருந்தது. அத்துறையினர் ஏற்றுக்கொள்ளாத எவரும் அங்கே தொழில் செய்ய முடியாது. அத்துமீறி வைத்த கூட்டின் மிதவையில் முதலில் கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டு எச்சரிப்பார்கள். அதையும் மீறினால் கயிற்றை அறுத்துவிடுவார்கள், கூடு அடியிலேயே கிடந்து போகும். இது சட்டவிரோதம் என்று எல்லோரும் அறிவர். எனினும் எல்லைகள் இவ்வாறே காக்கப்பட்டன.

1975இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இன்னொரு படி சென்றார். எல்லைகள் மங்கலாகவும் அயல் துறையினரோடு கலந்தும் கிடந்த பகுதிகளையும், தீவினர் கண்டிப்பாகக் காத்துவந்த பகுதிகளையும் ஒப்பிட்டார். காக்கப்பட்ட பகுதிகளில் இறால் பெரிதாகவும் மிகுதியாகவும் இருந்தது, மீனவரின் வருவாயும் கூடுதலாக இருந்தது. அவருடைய பணியிலேயே மிக முக்கியமானது இந்த ஒப்பீடுதான் என்று நான் கருதுகிறேன். ஏனெனில், வழக்காறு என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை உயிரியலாளரும் பொருளியலாளரும் தம் அளவுகோலாலேயே அளந்து பார்க்கக்கூடியதாக அது மாற்றியது. சோழமண்டலக் கடற்கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலையை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்துவந்ததை நெதர்லாந்து ஆய்வாளர் மார்த்தன் பாவிங்க் 2001இல் நூலாக எழுதியபோது, இத்தகைய ஆய்வுக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது.

முட்டை சுமந்த பெண் இறால் கூட்டில் அகப்பட்டால், அதன் வால் துடுப்பில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டிட்டுக் கடலில் விடுவது மேய்ன் வழக்கம். பின்னர் முட்டை இல்லாத வேளையில் அது பிடிபட்டாலும், வெட்டைக் கண்டவர் திருப்பி விட்டுவிட வேண்டும். தலையையும் மார்பையும் மூடிய ஓட்டின் நீளம் 3¼ அங்குலத்துக்குக் குறைந்தாலும் 5 அங்குலத்தைக் கடந்தாலும் எடுக்கக்கூடாது. அரசு அறிவியலாளர் சிலர் இவ்விதிகளின் பயனை ஐயுற்றபோதும், மீனவர்கள் இவற்றை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். எத்தனை டன் பிடிக்கலாம் என்று வரம்பு கட்டுவதைவிட எங்கே, எப்போது, எவ்வாறு பிடிக்கலாம் என்று விதிப்பதே மேல் என ஆச்சிசனும் பொருளியலாளர் ஜேம்ஸ் வில்சனும் 1996இல் வாதிட்டதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

இதற்கிடையே 1995இல் மேய்ன் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கடற்கரை ஏழு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்கு ஒரு மன்றத்தை மீனவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எத்தனை கூடு வைக்கலாம் என்பது போன்றவற்றில் மன்றம் முன்மொழிவதை, வாக்களித்தவருள் மூன்றில் இரு பங்கினர் ஏற்றால் அரசு விதியாக்கலாம். துறைகளின் எழுதப்படாத ஆட்சியிலிருந்து இச்சட்டம் வரை நிகழ்ந்ததை ஆச்சிசன் 2003இல் நூலாக எழுதினார். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் பொதுவளங்கள் பற்றிய தம் கொள்கையை உருவாக்கியபோது ஆச்சிசனின் ஆய்வையும் துணைக்கொண்டார். 2009இல் ஆஸ்ட்ரமுக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. 1987இல் ஆச்சிசனுடன் சேர்ந்து பொதுவளம் பற்றிய தொகுப்பைப் பதிப்பித்த மானிடவியலாளர் பானி மெக்கே, நியூஜெர்சிக் கரையிலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலும் மீனவரிடையே இதே பணியை வளர்த்தார்.

துறையாட்சியில் நியாயம் மட்டுமே இருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. யாரைச் சேர்ப்பது என்று துறையினரே முடிவு செய்யும்போது, உறவும் ஊரும் இல்லாத ஏழை வெளியே நிற்பான். கயிறறுப்பும் பகையும் ஆச்சிசனின் எழுத்தில் மறைக்கப்படவில்லை. அதனாலேயே அந்த எழுத்தை நம்புகிறேன்.

1980கள் வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு எடையாக நிலைத்திருந்த மேய்னின் பிடிப்பு, 2016இல் 13 கோடி பவுண்டைத் தாண்டியது. இந்த உயர்வில் பாதுகாப்பு விதிகளுக்குப் பங்குண்டு. வெப்பமடைந்துவரும் கடலுக்கும் பங்குண்டு. தெற்கே நியூயார்க்கை ஒட்டிய லாங் தீவு நீரிணையில் 1999இல் இறால் கூட்டமாக மடிந்தது, அங்கே தொழில் மீளவில்லை. நீர் சூடேறி இறால் வடகிழக்கே நகரும்போது, தலைமுறைகளாகக் காத்த எல்லைக்குள் இறாலே இல்லாமற்போன துறையினர் எங்கே செல்வார்கள், அயல் துறையினர் அவர்களை ஏற்பார்களா, மண்டல மன்றங்கள் அதற்கு என்ன விதி செய்யும் என்பதெல்லாம் இனி துறைதோறும் சென்று கேட்டறிய வேண்டியவை. அதற்கு வேண்டிய ஆண்டுகள் இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் இருக்கின்றன.