ஓடும்போதே மாற்ற வேண்டிய இயந்திரம்

அவைத் தலைவர் அவர்களுக்கும், இங்கே கூடியுள்ள பொறியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைப் புதுப்பிப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். ரேடாரிலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ தொடங்காமல், ஓரங்குல அகலமும் ஏறத்தாழ ஒரு சாண் நீளமும் உள்ள ஒரு காகிதச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். விமானத்தின் அழைப்புப் பெயர், வகை, உயரம், செல்லும் வழி ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். கட்டுப்பாட்டாளர் அதைப் பிளாஸ்டிக் சட்டத்தில் செருகித் தம் முன்னுள்ள சாய்வுப் பலகையில் அடுக்கிக்கொள்வார். உயரம் மாறினால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைப் பேனாவால் எழுதுவார். கவனம் தேவைப்படும் விமானத்தின் சீட்டை மட்டும் வரிசையிலிருந்து சற்று வெளியே தள்ளி வைப்பார். மின்சாரம் போனாலும் அந்தச் சீட்டு அழியாது, திரை உறைந்தாலும் அது உறையாது. உலகின் மிகப் பெரிய விமானப் போக்குவரத்தில் ஒன்றை நடத்தும் அமெரிக்காவில் 21ஆம் நூற்றாண்டிலும் பல கோபுரங்களில் அது புழங்குவதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. நான் நகைக்க மாட்டேன். அதை அகற்ற விரும்புபவர், அது செய்யும் வேலைகள் அனைத்தையும் முதலில் பட்டியலிட வேண்டும். அந்த இடத்தில்தான் பல திட்டங்கள் சறுக்கியிருக்கின்றன.

அமெரிக்காவையே நான் முதன்மையாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த நாட்டின் வெற்றிகளும் தோல்விகளும் வெளிப்படையான ஆவணங்களாகக் கிடைக்கின்றன என்பதுதான். 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேரும் இறந்தனர். அந்த அதிர்ச்சியே 1958இல் வான்வெளி முழுவதையும் ஒரே நடுவண் நிறுவனத்தின் பொறுப்பில் கொண்டுவரும் சட்டத்துக்கு வழிகோலியது. அதன்பின் ரேடாரும் கணினியும் வந்தன. 1980களின் தொடக்கத்தில் அந்தக் கணினிகள் மூப்படைந்தபோது அந்நிறுவனத்தின் முன் இரண்டு பாதைகள் இருந்தன. வியப்பு என்னவென்றால், அது இரண்டிலும் ஒருசேர நடந்தது.

முதற்பாதை சிறியது. பழைய மென்பொருளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் புதிய, வேகமான கணினியில் ஓட வைப்பது. ஹோஸ்ட் என்று அழைக்கப்பட்ட அந்த மாற்றம் 1980களின் பிற்பகுதியில் நடந்து முடிந்தது. அது பற்றி யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. இரண்டாம் பாதை, 'மேம்பட்ட தானியக்க அமைப்பு' என்ற பெயரில் கோபுரம், அணுகுமுனை (விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அறை), நெடுவழி மையம் (நிலையங்களுக்கு இடையே உயரத்தில் பறப்பவற்றைக் கவனிக்கும் இடம்) ஆகிய எல்லாவற்றையும் ஒரே வடிவமைப்பில் புதிதாகக் கட்டுவது. அதன் இன்றியமையாத சேவைகள் ஆண்டுக்கு மூன்று நொடிக்கு மேல் நின்றுபோகக் கூடாது என்பது விதிக்கப்பட்ட நிபந்தனை. 1988இல் ஐபிஎம் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. தேவைகள் எழுதப்பட எழுதப்பட மாறின, கெடுக்கள் தள்ளிப்போயின, செலவு பெருகியது, 1994இல் திட்டத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் ஆசை பொறியியலில் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் கண்டதில்லை. சிறிய பாதையில் வந்த ஹோஸ்ட்தான் அடுத்த இருபது ஆண்டுகளும் வானத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஹோஸ்டை மாற்றுவதற்கு வந்ததே ஈராம் என்ற அமைப்பு. நாடெங்கும் இருபது நெடுவழி மையங்களில் அதை நிறுவ வேண்டியிருந்தது. இதில் என்ன சிக்கல் என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு வங்கி தன் கணினியை மாற்ற ஞாயிற்றுக்கிழமை சேவையை நிறுத்திவைக்கலாம். ஆலை ஒரு வாரம் கதவடைக்கலாம். வானத்துக்கு விடுமுறை கிடையாது. அமெரிக்க வான்வெளியில் நாளொன்றுக்கு 44,000க்கும் மேற்பட்ட பறப்புகள் நடக்கின்றன. ஆகவே சால்ட் லேக் சிட்டி போன்ற முதல் மையங்களில் போக்குவரத்து மெலிந்த இரவு நேரத்தில் புதிய அமைப்பை ஓட்டிப் பார்த்து, கோளாறு தெரிந்தால் உடனே பழையதற்குத் திரும்பினார்கள். கோளாறுகளும் தெரிந்தன. ஒரு விமானத்தின் விவரக் குறிப்பு திரையில் மற்றொரு விமானத்தின் மேல் ஒட்டிக்கொள்வதுண்டு. கட்டுப்பாட்டாளருக்கு அதைவிட அஞ்சத்தக்க பிழை வேறில்லை. 2010க்குள் முடிய வேண்டிய பணி 2015இல் முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2014 ஏப்ரல் 30 அன்று, யு-2 உளவு விமானம் ஒன்றின் சிக்கலான பறப்புத் திட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் மையத்தின் கணினி நினைவகத்தைத் திணறடித்து அமைப்பையே முடக்கியது. மிக உயரத்தில் பறக்கும் அந்த விமானத்தின் உயரத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாத கணினி, அதன் வழியில் குறுக்கிடாத விமானங்களையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு மூழ்கிப்போனது.

இங்கே பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் 'ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும்' என்ற நம் நம்பிக்கையை அது அடியோடு அசைத்துப் பார்த்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸுக்குச் செல்லும் ஒரு விமானத்தின் பறப்புத் திட்டம் அந்நாட்டுக் கணினிக்கு வந்தது. அதன் வழியில் டிவிஎல் என்ற ஒரே எழுத்துக் குறியைக் கொண்ட இரண்டு வழிப்புள்ளிகள் இருந்தன: ஒன்று அமெரிக்காவின் வட டகோட்டாவிலுள்ள டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்சின் தோவில். விமானம் பிரிட்டன் வான்வெளியைவிட்டு வெளியேறும் இடத்தைக் கணினி தேடியது. நேரடியாகக் கிடைக்காததால் அதற்கு அப்பாலுள்ள புள்ளியைத் தேடி டிவிஎல் என்ற குறியைக் கண்டது. ஆனால் கண்டது அமெரிக்காவில் உள்ளதை. நுழைவதற்கு முன்பே வெளியேறும் விமானம் இருக்க முடியாது என்று சரியாகவே உணர்ந்த அது, தவறான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்கு அனுப்பக் கூடாது என்ற பாதுகாப்பு விதிப்படி தானே நின்றுவிட்டது. உடனே காப்புக் கணினி பொறுப்பேற்றது. அதே மென்பொருள், அதே திட்டம், அதே முடிவு, அதுவும் நின்றது. இவ்வளவும் நடக்க இருபது நொடிகூட ஆகவில்லை. நான்கு மணி நேரத்துக்கான தகவல் கையிருப்பில் இருந்ததால் வானிலிருந்த எவருக்கும் ஆபத்து நேரவில்லை. ஆனால் அதன்பின் திட்டங்களைக் கையால் ஏற்ற வேண்டியிருந்தது, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அல்லலுற்றனர். ஒரே அறிவைக் கொண்ட இரண்டு இயந்திரங்களை அடுத்தடுத்து வைப்பது வன்பொருள் பழுதுக்கு மருந்தாகும், சிந்தனைப் பிழைக்கு ஆகாது. சிக்கலான அந்த ஒரு திட்டத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைத் தொடரும் அறிவு அந்த மென்பொருளுக்கு இருந்திருந்தால் போதும்.

அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஜனவரி 11 அன்று, விமானிகளுக்கான அறிவிப்புகளைத் தரும் தரவுத்தளத்துக்கும் அதன் காப்புப் பிரதிக்கும் இடையிலான ஒத்திசைவைச் சரிசெய்யும்போது கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டதால் நாடெங்கும் புறப்பாடுகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 28 அன்று நியூவார்க் விமான நிலையத்தின் அணுகுவழியைக் கவனிக்கும் பிலடெல்பியா அறையில் ஏறத்தாழ 90 நொடிகள் ரேடாரும் வானொலியும் ஒருசேர இல்லாமற்போயின. தகவல் கொண்டுவரும் இணைப்பே அறுந்தது. தரையில் புதைந்திருக்கும் பழைய செப்புக் கம்பிகளைப் பற்றி ஒரு நாடே அன்றுதான் பேசத் தொடங்கியது. திரையையும் மென்பொருளையும் மாற்றினால் படம் பிடித்துக் காட்டலாம். கம்பியை மாற்றினால் காட்ட எதுவுமில்லை. அதனால்தான் அது கடைசிவரை காத்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு மே மாதம் அறிவிக்கப்பட்ட புதிய திட்டம், ஏறத்தாழ 4,600 இடங்களுக்குக் கண்ணாடியிழை, கம்பியில்லா, செயற்கைக்கோள் இணைப்புகளையும், 618 ரேடார்களுக்கு மாற்றையும் கோரியது. ஜூலையில் நாடாளுமன்றம் 1,250 கோடி டாலர் ஒதுக்கியது. தொகை பெரியதுதான். ஆனால் 2024 செப்டம்பரில் அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம், 138 அமைப்புகளில் 51 இனித் தாங்காதவை, 54 தாங்காமற்போகக்கூடியவை என்று சொல்லியிருந்ததை நினைவில் கொள்ளுங்கள். உதிரி பாகம் கிடைக்காத கருவியைப் பேணுவதற்கே ஆண்டு நிதியின் பெரும்பங்கு போய்விட்டால், புதிதாகக் கட்டக் கையில் என்ன மிஞ்சும்? இதற்காகவே கனடா 1996இல் இப்பணியை அரசிடமிருந்து பிரித்து, விமான நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் இயங்கும் தனி அமைப்பிடம் தந்தது. நிதி சீராகக் கிடைக்க அது வழி. எல்லாவற்றுக்கும் தீர்வென்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம், பிரிட்டனின் அமைப்பும் 2001இலிருந்து தனியார் பங்கோடுதான் நடக்கிறது.

பழையதை எப்போது அணைப்பது என்ற கேள்வியைப் புதுப்பித்தல் திட்டங்கள் எளிதில் தவிர்த்துவிடுகின்றன. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் நெரிசல் மிகுந்த வான்பகுதிகளில் பறக்கும் விமானங்கள் தம் இருப்பிடத்தை நொடிக்கொரு முறை தாமே அறிவிக்கும் கருவியைக் கொண்டிருக்க வேண்டும். நெடுவழி ரேடாரோ சுற்றிவர ஏறத்தாழ 12 நொடி எடுக்கும். அப்படியானால் ரேடார்களை அணைத்துவிடலாமே என்று தோன்றும். அந்தக் கருவி செயற்கைக்கோள் சமிக்ஞையை நம்பியிருக்கிறது. போர் நடக்கும் பகுதிகளில் அந்தச் சமிக்ஞையைக் குலைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆகவே சில ரேடார்கள் இருக்கத்தான் வேண்டும். எவை இருக்க வேண்டும், எவை போக வேண்டும் என்பதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே எழுதி வைக்காவிட்டால், பழையதும் புதியதும் சேர்ந்து இரட்டைச் செலவாகவே முடியும்.

இன்னொன்று, ஆட்கள். ஒரு கட்டுப்பாட்டாளர் குறிப்பிட்ட ஒரு வான்பகுதிக்கு மட்டுமே தகுதி பெற்றவர். புதிய திரைக்கு அவரைப் பழக்க வேண்டுமானால் அவரை இருக்கையிலிருந்து எழுப்பியாக வேண்டும், ஏற்கெனவே ஆள் குறைந்திருக்கும் அறையில் அந்த நேரத்தில் யார் அமர்வது? ஈராம் தடுமாறிய ஆண்டுகளில் கட்டுப்பாட்டாளர் சங்கம் பிந்தியே சோதனைக்குள் அழைக்கப்பட்டது. அவர்கள் வந்து அமர்ந்து, எந்தப் பிழையை முதலில் தீர்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தந்த பிறகே அத்திட்டம் மையத்துக்கு மையம் நகரத் தொடங்கியது.