பிஸ்கட் டின்னுக்குள் இருப்பவர்

(நாணயம், தபால்தலை, பழம்பொருள் சேகரிப்பவர்கள் சேலத்தில் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சரிசெய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மேசைமேல் இருக்கிற இந்த பிஸ்கட் டின்னை வந்ததிலிருந்து பலர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். திறக்கிறேன், ஆனால் கடைசியில். முதலிலேயே திறந்தால் நான் பேசுவது யார் காதிலும் ஏறாது. ‘ஒரு தடவை அமுக்கிப் பார்க்கலாமா’ என்றுதான் கை நீட்டுவீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நீட்டினேன்.

பதினைந்து வருடம் இருக்கும். ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்ட பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள் என்று தகவல் வந்தது. நாங்கள் நாலு பேர் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு நடந்தே போனோம். பிரம்பு நாற்காலி, விரிசல் விட்ட பீங்கான், ஓடாத சுவர்க் கடிகாரம் என்று வழக்கமான சாமான்கள். அவற்றுக்கு நடுவே வார்ப்பிரும்பில் ஓர் உண்டியல். மார்பளவு மனித உருவம். கன்னங்கரேல் என்ற முகம், சிவப்புச் சட்டை, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட சிவப்பு உதடு. அதன் உள்ளங்கையில் காசை வைத்து முதுகுப்பக்க லீவரை அமுக்கினால் கை மேலே போகும், காசு வாய்க்குள் விழும், கண் இரண்டும் செருகும்.

சிரித்தோம். எல்லோருமே சிரித்தோம். ரூபாய்க் காசு, இரண்டு ரூபாய்க் காசு என்று மாற்றி மாற்றிப் போட்டோம். சாமான் தூக்க வந்திருந்த மலையாளி ஒருவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். (வெளியூர் நண்பர்களுக்காக: இங்கே மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடி.) அவர் சிரிக்கவில்லை. “இவரு யாருங்க சார்?” என்று கேட்டார். ‘இது என்ன’ என்று கேட்கவில்லை, ‘இவரு யாரு’ என்றார். நான் “சும்மா பொம்மைங்க” என்று சொல்லிவிட்டு 700 ரூபாய்க்கு அதை வாங்கிக்கொண்டு மலை இறங்கினேன்.

அவருக்குச் சொல்லாத பதிலைத் தேட எனக்குச் சில வருடம் பிடித்தது.

இந்த வகை உண்டியல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில், ஷெப்பர்ட் ஹார்ட்வேர் என்ற கம்பெனி 1880-களில் வார்த்தது. பிறகு இங்கிலாந்தில் ஜான் ஹார்ப்பர் கம்பெனியும் வார்த்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். அங்கே அது ஒரு மனிதரின் முகத்தில் துப்புவதற்குச் சமமான சொல். கவனிக்க வேண்டியது அந்த வருடம். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். விலங்கு பூட்டி வைத்திருந்த காலத்தில் இந்தப் பொம்மைக்குத் தேவை இருக்கவில்லை. விடுதலையானவர் சம்பாதிக்கிறார், ஓட்டுப் போடுகிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்ற பிறகுதான் ‘இவன் காசைக் கண்டால் விழுங்குவான், வேறென்ன தெரியும்’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு விளையாட்டுச் சாமான் தேவைப்பட்டது. சேமிக்கக் கற்றுக்கொடுக்கிற உண்டியலிலேயே இதையும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்.

உண்டியலோடு நிற்கவில்லை. 1889-ல் கிளம்பிய பான்கேக் மாவின் பாக்கெட்டில், தலையில் துணி கட்டிய கறுப்பினச் சமையற்காரப் பெண்மணி ‘ஆன்ட் ஜெமைமா’ 2021 வரை சிரித்துக்கொண்டிருந்தார். 1895-ல் படக்கதைப் புத்தகத்தில் பிறந்த கோலிவாக் என்ற கறுப்பு முகப் பொம்மை, 1910 முதல் பல காலம் இங்கிலாந்தின் ராபர்ட்சன் ஜாம் பாட்டிலுக்குச் சின்னமாக இருந்தது. அதன் பேட்ஜைச் சேகரிக்கவே தனிக் கூட்டம் உண்டு. மலேயாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பற்பசை சில வீடுகளில் ஞாபகம் இருக்கலாம், தொப்பி போட்டுப் பல் தெரியச் சிரிக்கும் கறுப்பு முகம். 1933-ல் ஷாங்காயில் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரில் இருந்த வசைச்சொல்லில் ஓர் எழுத்தை 1989-ல் மாற்றினார்கள். ‘கறுப்பர் பற்பசை’ என்ற சீனப் பெயரோ அதற்கப்புறமும் முப்பது வருடத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது.

சரி, இவற்றை என்ன செய்வது?

உருக்கிவிடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்பவர் அந்த உதட்டைக் காட்டிக் கேலி செய்யப்பட்டவரின் பேரப்பிள்ளை என்றால், எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. ஆனால் அவர்களிலேயே ஒருவர் வேறு வழியில் போயிருக்கிறார். டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினச் சமூகவியல் பேராசிரியர், அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது இப்படிப்பட்ட உப்புக் குடுவை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அங்கேயே தரையில் போட்டு உடைத்தார். பிறகு உடைப்பதை விட்டுவிட்டுச் சேர்க்க ஆரம்பித்தார். 1996-ல் தன் சேகரிப்பை மிச்சிகனில் உள்ள ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்று அது ஓர் அருங்காட்சியகம். அங்கே இந்தச் சாமான்கள் அலங்காரத்துக்கு நிற்கவில்லை, கோர்ட்டில் வைத்த கத்தி மாதிரி சாட்சிப் பொருளாக நிற்கின்றன.

நம் ஆட்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: ‘நாங்களும் வரலாறு என்றுதானே வைத்திருக்கிறோம்?’ ஷோகேஸில் வெங்கலக் குத்துவிளக்குக்கும் முருகன் வேலுக்கும் நடுவே நிற்கிற உருவத்தைப் பற்றி வீட்டுக்கு வருகிற குழந்தையிடம் என்ன சொல்கிறீர்கள்? ‘அமுக்கிப் பார், ஜாலியா இருக்கும்’ என்கிறீர்கள். வரலாறு எங்கே வந்தது? 1880-களின் கம்பெனிக்காரர் சொன்னதையே விளம்பரச் சம்பளம் இல்லாமல் நாம் சொல்கிறோம்.

விற்பது பற்றி என் கருத்து கறாரானது. இன்று சந்தையில் சுற்றுவதில் பலவும் புது வார்ப்பு. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் இடைவெளி, சொரசொரப்பான பரப்பு, உப்புத் தண்ணீரில் ஏற்றிய துரு. பழையது என்றால் செத்துப்போன ஒருவன் செய்த குற்றம். புது வார்ப்பு என்றால் நேற்று ஒருவன் உட்கார்ந்து யோசித்து அச்சு எடுத்திருக்கிறான், அந்த உதட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறான். இதை விற்பவர் நம் கூட்டத்துக்கு வரக் கூடாது என்றே சொல்வேன். அசலை விற்பது என்றால் அருங்காட்சியகத்துக்கோ ஆராய்ச்சி செய்பவருக்கோ கொடுங்கள். ஏலத்தில் ‘அபூர்வம், அழகு’ என்று கூவாதீர்கள். சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்பார்கள். ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டினால் குற்றம், ஆனால் அங்கேயும் பாடம் நடத்த, கலைக்கு, ஆய்வுக்கு விலக்கு உண்டு. எங்கே, யார், எதற்குக் காட்டுகிறார்கள் என்பதைத்தான் அந்தச் சட்டமும் பார்க்கிறது.

இதெல்லாம் யாரோ ஊரான் வீட்டுக் கதை என்று நினைத்தால், என் ஆல்பத்தின் நான்காவது பக்கத்துக்கு வாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அஞ்சலட்டைகள். மூக்குத்தியும் கால் காப்புமாக ஒரு பெண், கீழே ஆங்கிலத்தில் ‘கூலி’ என்று மட்டும் அச்சு. கூலி நம் சொல். உழைப்புக்கு வாங்குகிற காசு. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. அந்த ஆட்களோடு போன சொல், அங்கே ஒரு இனத்தையே இழிவு செய்கிற வசையாக மாறிவிட்டது. இங்கே நாம் சினிமாவுக்குப் பெயர் வைத்துக் கைதட்டுகிறோம், அங்கே அதே சொல்லுக்கு அடிதடி நடக்கும். அந்த அட்டைகளுக்கும் நல்ல விலை இருக்கிறது. வாங்கும்போது அதில் இருப்பவர் நம் ஜில்லாவிலிருந்து போனவராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டாம்பில் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

மனிதரைப் பொருளாகப் பார்க்கிற அந்தப் பார்வை நம் சேர்வராயன் மலைக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பர் என்ற அளவுக் கருவியால் மூக்கையும் மண்டையையும் அளந்து, தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதி வெளியிட்டார். சேர்வராயன் மலையாளிகளும் அதில் உண்டு. எனக்கு அந்தத் தொகுதிகள் பயன்பட்டிருக்கின்றன, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து படத் தாள்களை வெட்டிச் சட்டம் போட்டு, விடுதி வரவேற்பறைக்கு விற்கிறார்களே, அங்கேதான் உறுத்துகிறது. படத்தில் இருப்பவரின் பேத்தி அதே விடுதியில் படுக்கை விரிக்கிற வேலையில் இருந்தால்? அவர் முன்னால் கூசாமல் அதைச் சுட்டிக்காட்டிப் பேச முடியுமா? என்னிடம் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன். நாலைந்து தேறவில்லை.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். சொல்லலாமா என்று பஸ்ஸில் வரும்போதுகூட யோசித்தேன்.

ஓமலூர்ப் பக்கம் எங்கள் வீடு. பின்கட்டுக் கூரையின் எரவாணத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். காட்டு வேலைக்குச் சேரியிலிருந்து வருபவர்களுக்கு. அப்பாயி சொம்பை உயரப் பிடித்து, டம்ளரில் படாமல் மோர் ஊற்றுவார். குடித்தவர் தானே கழுவித் தானே எரவாணத்தில் செருகிவிட்டுப் போக வேண்டும். நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அது அங்கே இருந்தது.

வீட்டை இடித்தபோது நான்தான் கூட நின்றேன். தாமிர அண்டா, நெல் அளக்கிற வள்ளம், அப்பாயியின் வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். இரும்பு உண்டியலுக்கு 700 ரூபாய் கொடுத்த அதே ஆள்தான். அந்த டம்ளரை மற்ற நசுங்கிய பாத்திரங்களோடு சாக்கில் போட்டு, செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டேன். வெளியே யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அதைச் சாக்கின் அடியில் தள்ளினேன். நம் அத்தனை பேரின் சேகரிப்பிலும் தேடிவிட்டேன், அப்படி ஒரு டம்ளர் இல்லை. டீக்கடை இரட்டைக் குவளையும் இல்லை. அதற்கு விலையும் கிடையாது, ஏலமும் கிடையாது. லீவரை அமுக்கிச் சிரிக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லையே.

யார் வீட்டு எரவாணத்திலாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். என்னிடம் கொண்டுவாருங்கள்.

சரி, டின்னைத் திறக்கிறேன். யாரும் காசு எடுக்க வேண்டாம்.