பூரணியோடு சண்டை போடும் பிள்ளைகள்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்கி இதழில் 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய தொடர்கதை அது. அந்தக் காலத்து வாசகர்கள் பிறந்த குழந்தைகளுக்குக் கதையின் நாயகி, நாயகன் பெயர்களையே, பூரணி என்றும் அரவிந்தன் என்றும் ஆசையாக வைத்தார்கள். பின்னாளில் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது மு.க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இன்றைக்கு இந்த நாவலை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு விருப்பமுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து நாவல்கள் பற்றிப் பேசுவது வழக்கம். பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இதில் சம்பந்தமில்லை. 'குறிஞ்சி மலர்' என்றதும் உற்சாகமாக வந்தார்கள். கதை நடப்பது நம்ம ஊரில், அதிலும் பூரணியின் வீடு திருப்பரங்குன்றத்தில். தினமும் அந்த வழியாகப் பேருந்தில் வருகிற பிள்ளைகளுக்கு இது போதாதா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு வணிகவியல் மாணவி, ரூல்டு நோட்டில் இடப்பக்கம் பக்க எண்ணும் வலப்பக்கம் இரண்டு மூன்று சொற்களும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். 'தம்பிகளுக்கு மட்டும்', 'ஒன்றும் இல்லை', மறுபடியும் 'ஒன்றும் இல்லை'. என்னம்மா இது என்று கேட்டேன். "பூரணி எப்ப சாப்பிட்டாங்கன்னு எழுதிருக்கேன் மேடம்" என்றாள். தமிழ்ப் பேராசிரியரான அப்பா இறந்துபோகிறார். இரண்டு தம்பிகளும் ஒரு சின்னத் தங்கையும் அவள் தலையில். வேலை தேடி அலைந்து, பசியில் மதுரைத் தெருவிலேயே மயங்கி விழுகிறாள் பூரணி. நாமெல்லாம் அந்த இடத்தைக் கதையின் ஒரு திருப்பமாகப் படித்துவிட்டுப் போய்விடுவோம். இந்தப் பெண்ணுக்கோ முழு நாவலும் அங்கேதான் இருக்கிறது. "வேலை கிடைச்சு வீட்டுல அடுப்பு எரிஞ்ச பிறகுதானே மேடம் அவங்களால காதலைப் பத்தி யோசிக்க முடியுது?" என்று கேட்டாள். இந்த நாவலைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். இவ்வளவு நேராகச் சொன்ன ஒரு வரி எனக்கு நினைவில்லை.

பையன்களுக்கு அரவிந்தன் மேல்தான் கோபம். அச்சகத்தில் வேலை பார்க்கிறான், கவிதை எழுதுகிறான், நல்லவன், எல்லாம் சரி. பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை முகத்துக்கு நேரே சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது அவர்கள் கேள்வி. அதற்கு ஒரு மாணவி, "பூரணியோட அப்பா புத்தகத்தை ராத்திரியும் பகலும் உட்கார்ந்து அச்சில கொண்டு வர்றானே, அது என்ன?" என்று மடக்கினாள். அன்றைக்கு அரை மணி நேரம் வாக்குவாதம்.

அத்தியாயங்களின் தலைப்பில் வரும் பழம்பாடல்களைப் பெரும்பாலோர் தாண்டித்தான் போகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனால் எல்லாரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தது முடிவைத்தான். அரவிந்தன் நோயில் இறந்துவிடுகிறான். பூரணி மணமாகாமலேயே அவன் நினைவோடு பொதுத்தொண்டில் வாழ்கிறாள். அன்றைய வாசகர்கள் இதைப் படித்து அழுதார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள். இன்றைய பிள்ளைகளும் அழுகிறார்கள், அதில் மாற்றமில்லை. கும்பிடத்தான் மறுக்கிறார்கள். "அவங்க சிரிச்சு சந்தோஷமா இருக்கிற மாதிரி நாலு பக்கம் எழுதியிருக்கலாமே" என்றான் ஒரு பையன். நா.பா. பூரணியை ஒரு இலட்சியமாக வார்த்தார். தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி தன் அறிவாலும் ஒழுக்கத்தாலும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற அவருடைய ஆசை உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த உயரத்தில் வைக்கப்பட்ட பெண்ணுக்குச் சாதாரண மகிழ்ச்சி எட்டாமல் போய்விட்டது என்று பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதைக் கேலியாக அவர்கள் சொல்லவில்லை. பூரணி மேல் உள்ள பிரியத்தால் சொல்கிறார்கள்.

கொடைக்கானல் மலைப்பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி மட்டும் வேறு மாதிரிப் பேசினாள். 2018இல் அங்கே குறிஞ்சி பூத்ததைச் சின்ன வயதில் பார்த்தவள் அவள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பூத்து முடிந்து விதை விழுந்ததும் அந்தச் செடியே காய்ந்துபோய்விடும், புதுச்செடி விதையிலிருந்துதான் வர வேண்டும் என்று விளக்கினாள். "தலைப்பிலேயே முடிவைச் சொல்லிட்டாரு. ஆனா விதைன்னு யாரைச் சொல்றாருன்னுதான் எனக்குத் தெரியலை" என்றாள். பூரணியின் தம்பி தங்கைகளா, அவளிடம் படித்த பெண்களா? ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். எனக்கு அவளிடம் படித்த பெண்கள் என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றையும் பிள்ளைகள்தான் கவனித்தார்கள். தையற்காரன் முருகானந்தமும், ஒருமுறை ஏமாந்து வீடு திரும்பிய பணக்கார வீட்டுப் பெண் வசந்தாவும் இதே நாவலில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வசதியில் அவ்வளவு வித்தியாசம், ஊர் வாய் வேறு. அதையெல்லாம் மீறி அவர்களைச் சேர்த்துவைக்க ஆசிரியருக்கு மனசு வந்திருக்கிறது. தப்புச் செய்தவளுக்கு வாழ்க்கை உண்டு, ஒரு தப்பும் செய்யாத பூரணிக்கு இல்லையா? கேட்டது முதலாமாண்டு மாணவி. அடுத்த கூட்டம் இந்தக் கேள்வியை வைத்துத்தான். கல்கியில் வாரா வாரம் படித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அறிய என் பிள்ளைகளுக்கு ரொம்ப ஆசை.

நன்றி, வணக்கம்.