ரெண்டு மணி நேரம் குடுங்க போதும்

தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னாடி அருமையா பேசிட்டு உக்காந்திருக்க டாக்டரம்மா அவர்களே, காலைல இருந்து மைக்கோட மல்லுக்கட்டிட்டிருக்க செயலாளர் தம்பி, முக்கியமா பிள்ளை எழுந்து ஓடுனா பிடிக்க வசதியா கதவோரமாவே உக்காந்திருக்க அம்மாக்களே, எல்லாருக்கும் வணக்கம். ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்கள வளக்குற நம்மளப் பத்தி, பழி, தூக்கம், ஸ்கூல்னு மூணு விஷயம் பேச வந்திருக்கேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? 1943ல லியோ கானர்னு ஒரு குழந்தைங்க மனநல டாக்டர் 11 பிள்ளைங்கள வச்சு ஆட்டிசம் பத்தி எழுதினப்பவே, பெத்தவங்கள்ல பாசக்காரங்க கம்மின்னு ஒரு வார்த்தைய போட்டு வச்சாரு, அப்புறம் அதுவே வளந்து, அம்மா பாசமில்லாம சில்லுன்னு இருந்ததாலதான் பிள்ளைக்கு இப்படின்னு பழி போடுற 'ஃப்ரிட்ஜ் அம்மா'ங்குற பட்டமாச்சு. 1964ல பெர்னார்ட் ரிம்லேண்ட், அவரே ஒரு ஆட்டிசம் பிள்ளையோட அப்பா, இது வளர்ப்பு கோளாறு இல்ல, உடம்புலயே இருக்குற காரணம்னு எழுதினாரு. எழுதி என்ன, பட்டம் இன்னும் லிஃப்டுக்குள்ள நிக்குது.

என் பையனுக்கு அப்ப ஆறு வயசு, பேச்சு வரல. தெரபி 4வது மாடில. 4ம் நம்பர் பட்டன அவன்தான் அமுக்கணும். அன்னிக்கு ஒரு பெரியவர், பாவம் உதவியாத்தான், முந்திக்கிட்டு அமுக்கிட்டாரு. அவ்ளோதான், தரையில விழுந்து காத பொத்திக்கிட்டு அலறுறான், கதவு மூட வந்து அவன் செருப்புல முட்டி முட்டி திறக்குது, நானும் பக்கத்துல தரையிலயே உக்காந்துட்டேன். "ரெண்டு வச்சா சரியாயிடும், அம்மா செல்லம்"ங்குறாரு அவரு. ஒரு காலத்துல பாசம் பத்தலன்னாங்க, இப்ப ஓவராம்! எல்லாரும் இறங்கினப்புறம் திரும்ப கீழ போய், ஆள் இல்லாத லிஃப்டா பாத்து ஏறி, அவனே அமுக்கினான். லைட் எரிஞ்சதும் ரெண்டு கையையும் படபடன்னு ஆட்டுறான் பாருங்க, அப்படி ஒரு சந்தோஷம்.

அவன உள்ள விட்டுட்டு பெஞ்சுல உக்காந்தவ அப்படியே தூங்கிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு தாழ்ப்பாள திறக்குற பிள்ளைய வச்சிருக்கவங்களுக்கு அந்த பெஞ்சு என்னன்னு தெரியும். தலைவலியும் காய்ச்சலும்தான், வேறென்ன.

அதனாலதான் எந்த மேடை ஏறினாலும் இதையே கேக்குறேன். அட்வைஸ் வேணாம், வாரத்துல ரெண்டு மணி நேரம் வந்து பிள்ளைய பாத்துக்கங்க, அம்மா தூங்கட்டும். அப்பாக்களுக்கும் சேத்துதான் சொல்றேன், அது 'உதவி' இல்ல சார், உங்க பிள்ளை.

ஸ்கூல் பத்தி பேச விடாம தம்பி சீட்டு அனுப்பிட்டாரு. நோட்டு ஒண்ணு சுத்தி வருது, என்ன கிழமை, எத்தன மணின்னு எழுதுங்க. வர்றவங்க லிஃப்ட்ல மட்டும் 4 அமுக்கிடாதீங்க.